என் விரல் மூட்டும் நீ அடித்த பலகையும்

தம்பி,

நேற்று நீ போனில் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டேன். ஜெர்மனிக்கு டிக்கெட் போட்டாயிற்று, சுமதிக்கும் பாப்பாவுக்கும் விசா வந்துவிட்டது, புறப்படுவதற்கு முன்னால் என் கை ஆபரேஷனை முடித்துவிட வேண்டும், பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் பேசிவிட்டாய், இந்தத் தடவை வைக்கப்போவது புது மாடல், பழையது மாதிரி உடையாது. நான் ம், ம் என்று கொட்டிக்கொண்டிருந்தேன். அதை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டுவிட்டாய். அது அலுப்பில் கொட்டின ம், தம்பி. நேரில் சொல்லலாம் என்றால் நான் வாயைத் திறப்பதற்குள் "அதெல்லாம் நான் பாத்துக்கறேம்மா" என்று முடித்துவிடுகிறாய். எழுதினால் குறுக்கே பேச முடியாதல்லவா, அதனால்தான் கடிதம். உன் அப்பா பால்பாயிண்ட் பேனாவின் மேல் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றி, சப்பாத்திக் கட்டை மாதிரி தடியாக்கிக் கொடுத்திருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். கை கனக்க ஆரம்பித்தால் மூடி வைத்துவிடுவேன். எழுத்து கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்.

இன்னொன்றும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டைக்கு வராதே. இதை எழுதி முடித்ததும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து நம் ஏரியா தமிழ் மன்றத்தின் ஆண்டு மலருக்கும் கொடுக்கப்போகிறேன். வீட்டு விஷயத்தை நாலு பேர் படிக்கிறார்களே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, மலரில் பெயர்களையெல்லாம் மாற்றிவிடுவேன். என்னைப் போலவே உடம்புக்குள் எதையோ வைத்துத் தைத்துக்கொண்டு, அது உள்ளே இருப்பதையே மறந்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய் வருகிற பெண்கள் இந்த அல்சூரில் வேறு யாராவது இருக்கத்தான் செய்வார்கள். அவர்களுக்கும் கொஞ்சம் ஆகட்டும்.

உனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அம்மா கை இப்படித்தான் என்று நினைத்திருப்பாய். டெலிபோன் ஃபாக்டரியில் நான் சேர்ந்தது கம்பிக் காயில் சுற்றுகிற செக்‌ஷனில். தலைமுடி மாதிரி மெல்லிய செம்புக் கம்பி, கொஞ்சம் இழுத்தால் அறுந்துவிடும், கொஞ்சம் விட்டால் தளர்ந்துவிடும். நான் பேச்சுப் பேசிக்கொண்டே இருந்தாலும் அது என் கையில் தானாக ஓடும். நீ ஹைஸ்கூல் போய்க்கொண்டிருந்தபோதுதான் காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்க மாட்டேன் என்று அடம்பிடிக்க ஆரம்பித்தன. முடக்குவாதம் என்றார்கள். மாத்திரையில் வலி அடங்கியது, ஆனால் விரல்கள் எல்லாம் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துகொண்டே போயின. சிவாஜிநகர் பஸ்ஸில் டிரைவர் பிரேக் போட்டதும் நிற்கிற ஜனம் மொத்தமும் ஒரு பக்கம் சாயுமே, அந்த மாதிரி. ரவிக்கைக்கு ஹூக் மாட்டக்கூட உன் அப்பாவைக் கூப்பிட வேண்டியதாகிவிட்டது. அதே ஃபாக்டரியில் நாள் முழுக்க லேத்து மெஷினில் இரும்பைக் கடைகிற மனுஷன், அந்தச் சின்ன ஹூக்கைப் பார்த்து வேர்த்துக் கொட்டுவார். "இன்னாம்மே இது, வாட்ச் ரிப்பேரு மாரி கீது" என்பார். எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஃபாக்டரி மெடிக்கலில் எழுதிக் கொடுத்து அந்தக் கை டாக்டரிடம் அனுப்பினார்கள். நீ பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தாய், இங்கிலீஷ் தெரிந்த ஆள் என்று உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் மேஜை டிராயரைத் திறந்து ஒரு சாமானை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வெள்ளையாக, வளைகிற மாதிரி, இரண்டு பக்கமும் வால் வைத்த ரப்பர் துண்டு. பல்லிக் குட்டி மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன். கெட்டுப்போன மூட்டை வெட்டி எடுத்துவிட்டு, நான்கு விரலுக்கும் அடியில் அதை வைத்துவிடுவார்களாம். சிலிக்கோன் என்றார். பிறகு உன் பக்கம் திரும்பி இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார். பேசினார், பேசினார், பேப்பரில் படம் போட்டுக்கூடக் காட்டினார். நீ தலையைத் தலையை ஆட்டினாய். வெளியே வந்து "இன்னாடா சொன்னாரு அவ்ளோ நேரம்?" என்று கேட்டேன். "கொஞ்சம் ஜாக்கிரதையா யூஸ் பண்ணணுமாம்மா. மத்தபடி ஒண்ணும் பிரச்சன இல்லன்றாரு." அவ்வளவுதான்.

அந்த ஒரு வரியை நீ இன்னும் சுமந்துகொண்டு திரிகிறாய் என்பது எனக்குத் தெரியும். பிற்பாடு ஆஸ்பத்திரி வராந்தாவில் நீயே என்னிடம் அழுதாய். நாளாக ஆக அது தேயலாம், உடையலாம், அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும், வீக்கம் வந்தால் உடனே வரவேண்டும் என்றெல்லாம் அவர் அன்றைக்கே சொன்னார், நான்தான் உன்கிட்ட சொல்லாம விட்டுட்டேம்மா என்று. தம்பி, உனக்கு அப்போது மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அம்மா பயந்துபோய் வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாதே என்று நல்லதை மட்டும் வடிகட்டிக் கொடுத்தாய். இத்தனை வருஷம் இந்த ஊரிலேயே கிடக்கிறவள், எனக்குக் கன்னடம் வாய் நிறைய வரும். அது அந்த டாக்டருக்கும் தெரியும். கிளம்பும்போது என் தோளைத் தட்டி "ஏனூ ஆகல்லம்மா" என்று, ஒன்றும் ஆகாது என்று, கன்னடத்தில்தானே சொன்னார்? மீதியையும் அதே பாஷையில் என்னிடமே சொல்லியிருக்கலாம். நானாவது அவ்வளவு நேரப் பேச்சு எப்படி ஒரு வரியில் அடங்கியது என்று கேட்டிருக்கலாம். பெரியவர்கள் இரண்டு பேர் செய்ய வேண்டியதை ஒரு பையன் தலையில் கட்டிவிட்டோம். இதில் உன் பங்கு எவ்வளவு என்று நீ இனிமேல் கணக்குப் பார்க்காதே.

அந்த மூட்டைத் திட்டியும் எனக்குப் பழக்கமில்லை. ரப்பர் பேண்டு மாட்டிய கம்பிச் சட்டத்தைக் கையில் கட்டிக்கொண்டு ஒரு பருவம் முழுக்க உட்கார்ந்திருந்தேன், பிறகு சட்டத்தை அவிழ்த்தபோது விரல்கள் நேராக நின்றன. டாக்டர் மடக்கச் சொன்னார், மடங்கின. முழுசாக இல்லை, ஆனால் ஒரு டம்ளரைப் பிடிக்கிற அளவுக்கு மடங்கின. அதை எப்படி நான் மறப்பேன்? ஃபாக்டரிக்குத் திரும்பிப் போன அன்று எங்கள் செக்‌ஷன் பெண்கள் கேன்டீனில் என்ன கூத்து அடித்தார்கள் தெரியுமா? மூட்டு வீங்கிப்போனதிலிருந்து என் வலது கையில் வளையல் ஏறியதே இல்லை, மொட்டைக் கையாகத்தான் இருந்தது. சிவாஜிநகர் கடையில் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல் வாங்கி வைத்திருந்தார்கள். என்னை நாற்காலியில் உட்கார வைத்து, சந்தனம் பூசி, ஆளுக்கொரு வளையலாக அந்தக் கையில் ஏற்றினார்கள். "ஏய், கைக்கு வளகாப்பும்மா, நல்லாப் பாடுங்க!" என்று ஒருத்தி கத்தினாள். ஒவ்வொரு வளையலும் மூட்டைத் தாண்டி இறங்கும்போது எல்லோரும் கை தட்டினார்கள். புளியோதரை, தயிர்சாதம் என்று வளைகாப்புச் சாப்பாடே கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். சூப்பர்வைசர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்கப்புறம் வந்தவை நல்ல வருஷங்கள். உன் கல்யாணத்துக்கு எல்லாப் பத்திரிகைக்கும் நானே மஞ்சள் தடவினேன். சுமதியின் பிரசவத்துக்குப் பிறகு பாப்பாவைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியது இந்தக் கைதான். சாம்பிராணிப் புகை காட்டி, துணியில் சுற்றி, தூங்கும் வரை நெஞ்சில் போட்டுக்கொண்டிருந்தேன். "அத்த, உங்க வளையல் சத்தம் கேட்டாத்தான் இவ தூங்கறா" என்று சுமதி சொல்வாள். அவளுக்கு அது கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. எனக்கு அதில் பெருமைதான், மறைப்பானேன்.

அந்தச் சந்தோஷத்தில் என் கைக்குள் இருப்பது கடையில் வாங்கி வைத்த சாமான் என்பதே மறந்துவிட்டது. துணி பிழிந்தேன், தேங்காய் துருவினேன், முறுக்கு உரலை அழுத்தினேன். அவ்வப்போது ஒரு எக்ஸ்ரே என்பதெல்லாம் எனக்கு யார் சொன்னது? ஃபாக்டரியில் வி.ஆர்.எஸ். வந்து நானும் உன் அப்பாவும் வீட்டில் உட்கார்ந்த பிறகு அந்த டாக்டரிடம் போகிற வழியும் நின்றுவிட்டது. அப்புறம் ஒரு மழைக்காலத்தில் மூட்டுகள் மறுபடியும் வீங்கின. பழைய வாதம்தானே என்று மாத்திரையைக் கூட்டிக்கொண்டேன். அதற்குச் சில மாதம் கழித்துக் குளிக்கும்போது வலது அக்குளில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு இருந்தது. வலி இல்லை. மார்பில் வருகிற அந்த வியாதியாக இருக்குமோ என்று பயந்து, சுமதியிடம் மட்டும் சொன்னேன். அவள்தான் என்னை மறுநாளே தெருமுனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அதை நான் எப்போதும் சொல்வேன், அவள் ஒரு நாளைக்கூட வீணாக்கவில்லை.

அவர் என் கையைப் பார்த்தார், தழும்புகளையும் பார்த்தார். "இது என்ன?" என்றார். "மூட்டு மாத்தினதுங்க" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு அக்குளுக்குப் போய்விட்டார். விரலுக்கும் அக்குளுக்கும் ஒரு வழி இருக்கிறது என்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. ஊசியால் உறிஞ்சி லேபுக்கு அனுப்பினார்கள். கேன்சர் இல்லை, டி.பி. கட்டி மாதிரி தெரிகிறது என்று வந்தது. நம் ஊரில் கட்டி என்றால் முதலில் அதைத்தான் நினைப்பார்கள், முக்கால்வாசி நேரம் அது சரியாகவும் இருக்கும், அவரைக் குற்றம் சொல்ல என்னால் முடியாது. டி.பி.க்கு மாத்திரை ஆரம்பித்தார். வாதத்துக்குச் சாப்பிட்ட மாத்திரையை நிறுத்தச் சொன்னார். அதோடு, "கட்டியில் வருகிற டி.பி. இருமலில் வருவது போல அடுத்தவருக்குப் பரவாது, குழந்தை பக்கத்தில் இருக்கலாம்" என்றும் தெளிவாகச் சொன்னார். நமக்குத்தான் காதில் ஏறவில்லை.

எப்படி ஏறும்? உன் தாத்தா கோலார் தங்கச் சுரங்கத்தில் பாறை குடைந்து, நெஞ்சு முழுக்கக் கல்லுத் தூசியோடு, கடைசியில் டி.பி.யும் சேர்ந்து இருமி இருமிச் செத்தவர். அவர் சாப்பிட்ட தட்டைத் தனியாகக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்ததை உன் அப்பா சின்னப் பிள்ளையாகப் பார்த்தவர். டி.பி. என்ற ரெண்டு எழுத்தைக் கேட்டதும் நம் வீட்டில் எல்லோருக்கும் அந்தத் தட்டுதான் ஞாபகம் வந்தது. அன்று சாயங்காலமே என் தட்டும் டம்ளரும் தனியாகப் போயின. பின்னறை எனக்கு என்று ஆனது. பாப்பா அப்போதுதான் ரெண்டு வயசு தாண்டி, வீடு முழுக்க ஓடிக்கொண்டிருந்தாள். "ஆயா, ஆயா" என்று அந்த அறைக்குள்ளேயே வந்து விழுவாள். கதவைச் சாத்தினால் வெளியே நின்று அடித்து அழுவாள். இரண்டு நாள் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் நீ வேலைக்கு லீவு போட்டாய். கதவு நிலையின் இரண்டு பக்கமும் இரும்புப் பட்டியை ஸ்க்ரூ போட்டு முடுக்கி, அதில் ஒரு பலகையைச் செருகினாய். பெரியவர்கள் தாண்டலாம், பாப்பா தாண்ட முடியாது. முடுக்கும்போது என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை நீ. நான்தான் உள்ளே இருந்து, "இன்னுங் கொஞ்சம் மேல வைடா, ஏறிடுவா" என்றேன். நீ மேலே வைத்தாய்.

அந்த மாதங்களைப் பற்றி நாம் இரண்டு பேரும் இதுவரை பேசியதில்லை. நீ பயந்து அடித்த பலகை அது, நானும் பயந்துதான் உயர்த்தச் சொன்னேன். உன் பிள்ளையைக் காப்பாற்ற நீ செய்ததை நான் உனக்காகவும் செய்திருப்பேன். ஆனால் வலித்தது, தம்பி. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். பாப்பா பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், நான் கட்டிலில் உட்கார்ந்திருப்பேன். வளையலை ஆட்டிக் காட்டுவேன், சிரிப்பாள். ஒரு தடவை பலகை மேல் காலைத் தூக்கிப் போட்டு விழுந்துவிட்டாள். அதற்கப்புறம் சுமதி அவளை அந்தப் பக்கமே விடாமல் பார்த்துக்கொண்டாள். அவளையும் தப்புச் சொல்ல மாட்டேன். வாத மாத்திரை நின்றதில் உடம்பில் இருக்கிற மூட்டெல்லாம் தீப்பிடித்தது, டி.பி. மாத்திரையில் வயிறு புரண்டது, சோறு இறங்கவில்லை. கட்டி மட்டும் கரையவே இல்லை, அவரைக்காய் அளவு நீண்டுவிட்டது. கடைசியில் கண் மஞ்சளாகி, நிற்க முடியாமல் நான் விழுந்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனீர்கள்.

கல்லீரல் கொஞ்சம் தேறியதும் கட்டியையே எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார்கள். அன்று காலை நீ ரத்தம் கொடுக்கவோ மருந்து வாங்கவோ போயிருந்தாய், இது உனக்குத் தெரியாது. நர்ஸ் வந்து கையில் ஒன்றும் இருக்கக்கூடாது, வளையலைக் கழற்றுங்கள் என்றாள். சோப்பு போட்டுப் பார்த்தாள், எண்ணெய் போட்டுப் பார்த்தாள். மூட்டு வீங்கிக் கிடந்ததில் வளையல் வரவே இல்லை. உடைத்துவிடலாம் என்றாள். புருஷன் உயிரோடு நிற்கிறபோது கண்ணாடி வளையலை உடைப்பதா என்று நான் கையை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டேன். சாவுக்குப் பயப்படாதவள் அதற்குப் பயந்தேன், பார். அந்த நர்ஸ் மலையாளத்துப் பெண், என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள். உன் அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து என் மணிக்கட்டில் சுற்றினார். கட்டில் கம்பி மேல் என் கையை வைத்து, ஸ்டீல் டம்ளர் அடியால் மெதுவாகத் தட்டினார். "சும்னே இரு. நான் இருக்கசொல்லவே ஒடச்சிட்டா, அப்பால யாரும் ஒடைக்கத் தேவயில்ல, அந்த வேல மிச்சம்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். துண்டைப் பிரித்துக் கண்ணாடித் துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவரைக் கட்டிக்கொண்ட இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் மேல் எனக்கு அவ்வளவு ஆசை வந்ததில்லை.

கட்டியைச் சோதித்த லேபில், உள்ளே கிருமி இல்லை, உடம்பைச் சேராத ஏதோ பொடி இருக்கிறது என்று எழுதிவிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த லேடி டாக்டர் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்குள்ள என்னம்மா வெச்சிருக்காங்க?" என்று கேட்டார். எக்ஸ்ரே எடுத்தால் நான்கில் இரண்டு நடுவில் முறிந்து கிடந்தன. மற்ற இரண்டும் தேய்ந்திருந்தன. தேய்ந்த ரப்பர் மாவு மாதிரி பொடியாகி, கையிலிருந்து மேலே ஏறி, அக்குளில் எல்லோருக்கும் இருக்கிற கழலையில், நெறிகட்டுமே அந்த இடத்தில், போய்த் தங்கியிருக்கிறது. அந்தக் கழலை அதைப் பிடித்து வைத்துக்கொண்டு வீங்கியிருக்கிறது. எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை, சிலருக்கு ஆகும் என்றார். டி.பி. இல்லை, கேன்சர் இல்லை. உன் அப்பா வராந்தாவில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "எங்கப்பனுக்குக் கல்லுத் தூசி, உனக்கு ரப்பர் தூசி. நம்ம வூட்டுக்குத் தூசிதாம்மே விதி" என்றார். நான் சிரிக்கவில்லை. ஒரு பொடிக்காக என் பேத்தியை அத்தனை மாதம் தொடாமல் இருந்தேனே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு இன்னும் போகவில்லை.

நீ வேறு மாதிரி எடுத்துக்கொண்டாய். பிரவுசிங் சென்டரில் கட்டுக்கட்டாகப் பிரிண்ட் எடுத்து வந்தாய். அமெரிக்காவில் கேஸ் போட்டார்கள், சிலிக்கோனே விஷம், நாமும் விடக்கூடாது என்றாய். அதில் பாதி பெண்கள் மார்பில் வைத்துக்கொள்கிறதைப் பற்றி. எனக்குப் படித்துக் காட்டும்போது அந்த இடம் வந்தால் தொண்டையைக் கனைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குத் தாவினாய். "இன்னாடா, நடுவுல ரெண்டு பக்கத்த முழுங்கிட்ட?" என்று உன் அப்பா கேட்டதும் உன் காது சிவந்துவிட்டது. பிறகு நான் அந்த லேடி டாக்டரைக் கேட்டேன். அது வேறு, அதைப் பற்றி இன்னும் வாதம் நடக்கிறது, உங்களுடையது நேரான விஷயம், உபயோகித்தீர்கள், தேய்ந்தது, உடைந்தது என்றார். எனக்கு அது போதும். வளையல் ஏறின கையைக் கொடுத்ததும் அந்த ரப்பர்தான், பாப்பாவைத் தூக்க விடாமல் செய்ததும் அதுதான். இரண்டையும் வைத்துக்கொண்டு யார் மேல் கேஸ் போடுவது? எனக்குச் சண்டை போடத் தெம்பு இல்லை, தம்பி.

இப்போது நீ கேட்டதற்குப் பதில். புது மூட்டு எனக்கு வேண்டாம். நீ சொல்கிற மாடல் நல்லதாகவே இருக்கட்டும், வேண்டியவர்கள் வைத்துக்கொள்ளட்டும். வைத்துக்கொண்டால் அதை மறக்காமல் இருக்கட்டும், காய்ச்சலுக்குப் போனாலும் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லட்டும், வீக்கம் வந்தால் பழைய வியாதி என்று நினைக்காமல் படம் எடுத்துப் பார்க்கட்டும். மலரில் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். என் கையில் இருக்கிற உடைசல்களை மட்டும் எடுத்துவிட்டு, வேறு எதுவும் வைக்காமல் தைத்துவிடலாம் என்று டாக்டர் சொல்கிறார். சதையே இறுகி ஓரளவு பிடித்துக்கொள்ளுமாம், பலம் இருக்காது. டம்ளரும் இந்தத் தடிப் பேனாவும் பிடித்தால் எனக்குச் சரி. அதையும் நீங்கள் விமானம் ஏறின பிறகுதான் செய்துகொள்ளப்போகிறேன். கூட இருக்க உன் அப்பா இருக்கிறார், வளையலும் இப்போது கையில் இல்லை. நீ இருக்கப்போகிற கொஞ்ச நாளை ஆஸ்பத்திரி வாசலில் கழிக்க எனக்கு மனசில்லை.

நீ அவசரப்படுவது என் கைக்காக மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியாதா? அந்த ஒரு வரிக்கும் அந்தப் பலகைக்கும் சேர்த்து இந்த ஆபரேஷனைச் செய்து வைத்துவிட்டால் மனசு லேசாகிப் போய்விடலாம் என்று பார்க்கிறாய். அப்படிப் போகாது. நீ போகிற ஊரில் டாக்டர் வேறு பாஷையில் பேசுவார். சுமதிக்கோ பாப்பாவுக்கோ உடம்புக்கு வந்தால், புரிகிற வரைக்கும் திரும்பத் திரும்பக் கேள், கேட்டதை முழுசாக அவளிடம் சொல். பயந்துவிடுவாள் என்று பாதியை விழுங்காதே, அவள் உன்னைவிடத் தைரியசாலி. எனக்குப் பட்ட கடனை அங்கே அந்த மாதிரி தீர்த்துக்கொள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் எழுதினேன். டி.பி. இல்லை என்று தெரிந்த அன்றே நீ பலகையை உருவி மொட்டை மாடியில் போட்டுவிட்டாய். போன வருஷம் எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் வீடு பார்த்துக்கொண்டு போனீர்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறீர்கள், நீ ஹாலில் லேப்டாப்போடு உட்கார்ந்துவிடுகிறாய், அதனால் இதை நீ பார்த்திருக்க மாட்டாய். பாப்பா என் அறைக்கு ஓடி வருவாள். வாசலுக்கு வந்ததும் நின்றுவிடுவாள். நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முழங்காலை மார்பு வரைக்கும் தூக்கி, அந்தப் பக்கம் வைப்பாள். பிறகு அடுத்த காலையும் அப்படியே தூக்கி வைப்பாள். அப்புறம்தான் என்னிடம் ஓடி வருவாள். வேறு எந்த அறை வாசலிலும் அப்படிச் செய்வதில்லை, நான் கவனித்துவிட்டேன். "ஏண்டி அப்படி வர்ற?" என்று ஒரு நாள் கேட்டேன். "ஆயா ரூமுக்கு இப்படித்தான் வரணும்" என்றாள். பலகை அவளுக்கு ஞாபகமே இல்லை.

அந்த இரும்புப் பட்டிகள் இன்னும் நிலையில்தான் இருக்கின்றன. உன் அப்பா கழற்றுகிறேன், கழற்றுகிறேன் என்று நாளைக் கடத்துகிறார். என் கைக்கு ஸ்க்ரூ டிரைவர் திரும்பாது. இந்த ஞாயிற்றுக்கிழமை வரும்போது ஆஸ்பத்திரி ஃபைலைக் கொண்டுவராதே. நீ முடுக்கியதை நீயே கழற்று. பாப்பாவைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொள், கழற்றுகிற ஸ்க்ரூவை ஒவ்வொன்றாக அவள் கையில் கொடு. முடிந்ததும் அவள் பார்க்க அந்த வாசலில் சும்மா உள்ளே வா, வெளியே போ, மறுபடி வா. பிறகு அவளைக் கூப்பிடு. நான் உள்ளே தரையில் உட்கார்ந்திருப்பேன். ஸ்க்ரூ டிரைவர் மீட்டர் பெட்டிக்கு மேலே இருக்கிறது.

உன் அம்மா